பதினேழாம் எண் சிவப்புப் பை

அந்த அலுவலகத்தில் எந்தக் காகிதத்தை எடுத்தாலும் அடியில் மூன்று கட்டங்கள் இருக்கும். தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். மூன்றிலும் கையெழுத்து விழுந்துவிட்டால் அந்தக் காகிதம் வேதவாக்கு. அப்புறம் அதை யாரும் கேள்வி கேட்கக் கூடாது, கேட்கவும் மாட்டார்கள்.

லிஃப்ட்டுகளைச் சோதித்து, 'ஓடலாம்' என்று சான்றிதழ் கொடுப்பது அவர்கள் வேலை. கம்பிவடம் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கதவிடுக்கில் ஆள் நின்றால் கதவு விலகுகிறதா என்று படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள். சரிபார்ப்பவர் எப்படியும் பார்ப்பார் என்று தயாரிப்பவர் எழுதுவார். எழுதினவன் பார்க்காமலா எழுதியிருப்பான் என்று சரிபார்ப்பவர் டிக் போடுவார். இரண்டு பேர் பார்த்ததை மூன்றாவதாக ஒருவன் பார்த்தால் அது அவர்களுக்கு அவமானம் என்ற பெருந்தன்மையில் ஒப்புதல் அளிப்பவர் கையெழுத்தைக் கிறுக்குவார். மூன்று பேர் பார்த்த லிஃப்ட் என்று ஊர் நம்பி ஏறும். உண்மையில் ஒருத்தரும் பார்த்திருக்க மாட்டார். இதுவரை எந்த லிஃப்ட்டும் விழாததற்கு லிஃப்ட்டுகளின் நல்ல மனசுதான் காரணம்.

இது நடுக்கட்டத்து ஆளின் கதை. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கட்டத்தில் குடியிருப்பவர். அலுவலகத்தில் அவருக்குச் 'செக்கர்' என்று பெயர். கடைசியாக அவர் ஒரு லிஃப்ட்டின் மேல்கூரையைத் திறந்து அண்ணாந்து பார்த்து ஒன்பது வருடம் ஆகிறது. கழுத்து வலி என்று ஒரு காரணம் வைத்திருந்தார். டிக் போடுவதற்குக் கழுத்து தேவைப்படவில்லை.

முதல் கட்டத்துக்காரர் ஸ்டோர் அறையையும் பார்த்துக்கொண்டு படிவங்களையும் எழுதுபவர். அவரை எல்லாரும் 'ஸ்டோர்' என்றே கூப்பிட்டார்கள். மூன்றாம் கட்டத்துக்காரர் பிரிவு மேலாளர். மூவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், சினேகிதர்கள். ஆனால் ஒருவருக்கு மட்டும் தனி அறையும் கதவும் கதவில் பலகையும் வாய்த்தன. காலைநடைக்கென்று வாங்கிய காலணிக்கு எக்கச்சக்கமாகப் பணம் கொடுத்துவிட்டு, அதற்கு ஒரு நியாயம் வேண்டுமே என்று மலையேறும் ஆசையை வளர்த்துக்கொண்டவர் அவர். அன்றிலிருந்து தன்னைக் 'கேப்டன்' என்று கூப்பிடச் சொன்னார். மற்ற இருவரும் கூப்பிட்டார்கள். சம்பள உயர்வுக் காகிதத்திலும் மூன்றாம் கட்டம் அவருடையதுதானே.

கேப்டன் ஒரு சனிக்கிழமைக்கு மலையேற்றம் ஏற்பாடு செய்தபோது, இந்த மூவரோடு நாலாவதாக ஓர் ஆள் வந்து மாட்டிக்கொண்டான். செக்கரின் மனைவிக்குத் தம்பி. இரண்டு நாற்காலி போட்ட முடிதிருத்தும் கடை வைத்திருந்தான். பன்னிரண்டு வயதிலிருந்து சர்க்கரை நோய், தினமும் இன்சுலின் ஊசி. ஊசி போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாமல் உடம்பை அலட்டினால் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். நடுங்கும், வேர்க்கும், பேச்சுக் குளறும், கடைசியில் ஆள் கீழே விழுவான். உடனே இனிப்பாக ஏதாவது உள்ளே போனால் பிழைப்பான், போகாவிட்டால் இல்லை. இதை அக்கா தன் கணவரிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். செக்கர் நூறு தடவையும் தலையாட்டியிருக்கிறார்.

"கடையே கதின்னு கிடக்கறான். கொஞ்சம் காத்து படட்டும், கூட்டிட்டுப் போங்க," என்றுதான் அவளும் அனுப்ப ஒப்புக்கொண்டாள். "ஆனா பை ஒண்ணு தரேன். அது அவன் பக்கத்துலயே இருக்கணும்."

அவள் பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்ப்பவள். ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டு எண்ணுவாள். பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவதோடு அவளுக்குத் திருப்தி வராது. அதே மாதிரி ஒவ்வொன்றாகத் தொட்டுத்தான் பையிலும் அடுக்கினாள். குளுக்கோஸ் பொடி இரண்டு பாக்கெட், பழச்சாறு நாலு, பிஸ்கட், பேரீச்சம்பழம், ஒரு பிடி மிட்டாய். சின்னச் சிவப்புப் பை. வெள்ளிக்கிழமை காலையில் அதைக் கணவரின் கையில் கொடுத்தாள்.

மறுநாள் விடியற்காலையில் அலுவலக வாசலிலிருந்து புறப்பாடு என்பதால் சாமான் எல்லாம் ஸ்டோர் அறையில் சேர்ந்தது. செக்கர் சிவப்புப் பையைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தார். வேறு மனிதர்களாக இருந்தால் சாமானை மூட்டை கட்டி வண்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர்கள் பட்டியல் போட்டார்கள். முப்பத்தோரு பொருள். ஸ்டோர் அழகான கையெழுத்தில் எழுதினார். பதினேழாம் எண்: 'சிவப்புப் பை (இனிப்பு) - 1'.

மேசை முழுக்கச் சாமான். காகிதத்தை வைத்து எழுத இடமில்லை. கைக்கு எட்டினது சிவப்புப் பைதான். அதன்மேல் பட்டியலை வைத்து ஸ்டோர் கையெழுத்துப் போட்டார். செக்கர் பேனாவை வாங்கி மேலிருந்து கீழாக முப்பத்தோரு டிக் போட்டார். எண்ணி இருபது விநாடி. கேப்டன் போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டே வந்து, குனிந்துகூடப் பார்க்காமல் மூன்றாம் கட்டத்தை நிரப்பினார். பட்டியல் கேப்டனின் முதுகுப்பைக்குப் போயிற்று. மற்ற சாமான் வண்டிக்குப் போயிற்று. எழுதுபலகையாக இருந்த பை மேசைமேலேயே இருந்தது. அதைச் சாமான் என்று நினைக்க யாருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை ஆறரைக்கு வேன் அடிவாரத்தில் நின்றது. கேப்டன் ஆளுக்கொரு மஞ்சள் பனியன் கொடுத்தார். முதுகில் 'பாதுகாப்பே எங்கள் மூச்சு' என்று கொட்டை எழுத்து. மச்சினன் சட்டையைக் கழற்றி வேனில் போட்டுவிட்டு பனியனை மாட்டினான். அவன் சட்டைப்பையில் எப்போதும் நாலு மிட்டாய் இருக்கும். பனியனுக்குப் பையே கிடையாது.

"மாமா, மிட்டாய் சட்டையிலேயே போச்சே. அக்கா குடுத்த பை வந்துடுச்சுல்ல?" என்று கேட்டான்.

"லிஸ்ட்ல இருக்குப்பா," என்றார் செக்கர்.

தன் கடையில் மச்சினன் முடி வெட்டி முடித்ததும் பின்பக்கம் கண்ணாடி பிடித்துக் காட்டாமல் யாரையும் நாற்காலியை விட்டு எழ விடமாட்டான். அவசரம் என்று ஓடுகிறவனையும் உட்காரவைத்துக் காட்டுவான். அப்படிப்பட்டவனுக்கு இந்தப் பதில் போதவில்லை. ஆனால் அக்கா புருஷன், வயதில் பெரியவர். விட்டுவிட்டான். அந்த நேரம் பார்த்து அக்காவும் போனில் கூப்பிட்டு அதையே கேட்டாள். அவளுக்கும் அதே பதில் கிடைத்தது.

கேப்டனின் திட்டம் இதுதான்: இந்தப் பக்கம் ஏறி, ஒன்பதரைக்கு உச்சியைத் தொட வேண்டும். உச்சிக்கு மறுபக்கத்திலிருந்து நல்ல தார்ச்சாலை இருக்கிறது. வேன் டிரைவர் அந்த வழியாகச் சாப்பாட்டோடு முன்னாலேயே போய்க் காத்திருப்பார். காரில் போகக்கூடிய இடத்துக்குக் கல்லிலும் முள்ளிலும் உருண்டு போவதற்கு வீரம் என்று பெயர். மச்சினன் விடிகாலையில் ஊசி போட்டு, இரண்டு துண்டு ரொட்டி மட்டும் தின்றுவிட்டு வந்திருந்தான். ஒன்பதரைக்குச் சாப்பாடு என்று கேப்டன் சொல்லியிருந்தார் அல்லவா.

பட்டியலில் இல்லாத பொருள்கள் ஒன்று விடாமல் வந்திருந்தன. பாட்டுப் பெட்டி வந்தது. நாலு மடக்கு நாற்காலி வந்தது. அலுவலகப் பெயர் போட்ட ஆறடித் துணிப் பதாகை வந்தது. கேப்டன் தோளில் முப்பது மீட்டர் கயிறு வேறு. எதற்கென்று யாரும் கேட்கவில்லை, போட்டோவில் நன்றாக இருந்தது.

பாதை நெடுகப் பாறைகளில் மஞ்சள் வர்ணத்தில் அம்புக்குறி போட்டிருந்தார்கள். கண் தெரியாதவன்கூடத் தடவிக்கொண்டு போய்விடலாம். முக்கால் மணி நேரம் ஒழுங்காகத்தான் போனார்கள். அதன் பிறகு கேப்டனுக்கு அம்பு பிடிக்கவில்லை.

"அம்பு பாத்துப் போறவன் டூரிஸ்ட். நாம அப்படியா? இந்த ஓடை வழியா ஏறினா நேரா உச்சி," என்றார்.

"நீங்க போயிருக்கீங்களா சார்?" என்று மச்சினன் கேட்டான்.

"வரைபடம் பாத்தாச்சு," என்றார் கேப்டன். ஸ்டோர் செக்கரைப் பார்த்தார். கேப்டன் பார்த்திருப்பார் என்று செக்கர் நினைத்தார். செக்கர் எதிர்க்கவில்லை, ஆகவே சரியாகத்தான் இருக்கும் என்று ஸ்டோர் நினைத்தார். மூன்று கட்டமும் நிரம்பிவிட்டது. வரைபடத்தை எவனும் பார்த்திருக்கவில்லை.

ஓடை நேராகப் போகவில்லை. இடப்பக்கம் வளைந்தது, பிறகு வலப்பக்கம் வளைந்தது, கடைசியில் முட்புதரில் போய்ச் செத்தது. காலுக்கடியில் சரளைக்கல், இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கியது. போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. ஒன்பதரை தாண்டி, பத்து தாண்டி, பத்தரை ஆயிற்று. பாட்டுப் பெட்டியை நிறுத்தினார்கள். இரண்டு நாற்காலியை எங்கோ போட்டுவிட்டு வந்திருந்தார்கள், அதற்காக ஸ்டோர் மூக்கால் அழுதுகொண்டு வந்தார்.

மச்சினன் அதுவரை நக்கலடித்துக்கொண்டு வந்தவன். "கேப்டன் சார், உச்சி நம்மளப் பாத்து ஓடுது போல," என்று சொல்லி ஸ்டோரைக்கூடச் சிரிக்கவைத்தான். அவன் பேச்சு எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. செக்கர் திரும்பிப் பார்த்தபோது அவன் ஒரு பாறையில் சாய்ந்து நின்றான். முகம் வெளுத்து, மூக்கு நுனியில் வேர்வை சொட்டியது. விரல்கள் நடுங்கின.

"மாமா, பை," என்றான்.

செக்கர் ஸ்டோரைப் பார்த்தார். "அந்தச் சிவப்புப் பைய எடுப்பா."

"என்கிட்ட ஏது? உங்க பைதானே."

"கேப்டன்கிட்ட இருக்கும்."

"என்கிட்ட கயிறுதான்பா இருக்கு," என்றார் கேப்டன்.

மூன்று முதுகுப்பையையும் கவிழ்த்துக் கொட்டினார்கள். பதாகை விழுந்தது. பாட்டுப் பெட்டிக்கு இரண்டு பேட்டரி விழுந்தது. நாலு குளிர் கண்ணாடி, முகத்தில் பூசும் கிரீம், ஒரு சீட்டுக்கட்டு, தண்ணீர் பாட்டில்கள். தண்ணீரில் சர்க்கரை ஏது. கேப்டனின் பையில் இரண்டு மிட்டாய்க் காகிதம் கிடைத்தது. மிட்டாயை அவர் ஏறும்போதே தின்றிருந்தார்.

"நீ எடுத்து வெச்சிருப்பேன்னு நெனச்சேன்," என்றார் ஸ்டோர்.

"எழுதினவன் நீதானே? எடுத்து வெக்காமயா எழுதுவே?"

"எழுதறதுதான் என் வேலை. இருக்கா இல்லையான்னு பாக்கறது உன் வேலை. டிக் போட்டிருக்கியே."

"ரெண்டு பேரும் பாத்துட்டீங்கன்னுதானே நான் கையெழுத்துப் போட்டேன்," என்றார் கேப்டன். அவர் குரலில் மெய்யாகவே வருத்தம் இருந்தது, தன்னை ஏமாற்றிவிட்டார்களே என்று.

கேப்டன் ஆதாரம் காட்டுவதுபோல், கொட்டிக் கிடந்ததிலிருந்து பட்டியலை எடுத்து நீட்டினார். செக்கர் வாங்கிப் பார்த்தார். முப்பத்தோரு டிக் வரிசையாக இருந்தன. வழக்கமாக அவருடைய டிக் கத்தி மாதிரி கூர்மையாக இருக்கும். இதில் ஒவ்வொன்றும் கோணிக்கொண்டு, நுனியில் காகிதம் பொத்தலாகியிருந்தது. பேனாவுக்கு அடியில் மெத்தென்று என்னவோ இருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. பிஸ்கட் பாக்கெட் லேசாக நொறுங்கின சத்தம்கூட ஞாபகம் வந்தது. அந்தப் பையின் மேலேயே காகிதத்தை வைத்து, அந்தப் பை வந்துவிட்டது என்று டிக் போட்டிருக்கிறார்.

அதற்குள் மச்சினன் கேப்டனின் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினான். கண்கள் எங்கோ பார்த்தன.

"சைடு எவ்வளவு எடுக்கட்டும்?" என்று கேட்டான். "ஆடாம இருங்க சார். காதுல பட்டுடும்."

கேப்டன் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. மச்சினன் இல்லாத கத்தரியை இரண்டு தடவை திறந்து மூடினான். பிறகு கால் மடங்கி அப்படியே சரிந்தான்.

நெருக்கடி நேரத்தில் தலைமைப் பண்பு என்று கேப்டன் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் வாய் கிழியப் பேசியவர். இப்போது அவர் செய்தது கயிற்றைப் பிரித்ததுதான். கயிற்றால் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி சுற்றினார். "பதட்டப்படக் கூடாது. மொதல்ல யார் என்ன செய்யறதுன்னு பிரிச்சுக்குவோம்," என்றார். ஸ்டோர் பேனாவை எடுத்தார். சத்தியமாக எடுத்தார், பழக்க தோஷம்.

செக்கர் ஓடினார். ஐம்பத்தொரு வயது, தொப்பை, ஒன்பது வருடக் கழுத்து வலி, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு சரளையில் இறங்கி ஓடினார். யாரும் அனுப்பவில்லை, யாருடைய ஒப்புதலும் வாங்கவில்லை. இரண்டு இடத்தில் விழுந்தார், முழங்கை கிழிந்தது. பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று முதலில் தோன்றியது. உயிர் போகிற நேரத்தில்கூடப் பதில் சொல்வதைப் பற்றித்தான் யோசிக்கிறோம் என்று அடுத்ததாகத் தோன்றியது. தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

மஞ்சள் அம்பு போட்ட பாதையை அவர் எட்டியபோது, மேலே ஏறி ஓடிவந்தாள் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். மலையில் ஓட்டப் பயிற்சி செய்கிறவள், இடுப்புப் பட்டையில் சின்னச் சின்னப் பொட்டலங்கள். செக்கர் அவளை மறித்தார். "சர்க்கரை. ஊசி போட்டுக்கறவன். விழுந்துட்டான்," என்று மேலே கையைக் காட்டினார்.

"எங்கிட்ட ஜெல் இருக்கு. முழுக்க இனிப்புதான். எங்க இருக்காரு?" என்றாள். கேட்ட மாத்திரத்தில் ஓடவும் தொடங்கிவிட்டாள். அவள் வேகத்துக்குச் செக்கரால் ஈடுகொடுக்க முடியவில்லை, பின்னால் நாலு காலில் தவழ்கிற மாதிரி ஏறினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது அவள் பையனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பொட்டலத்தைக் கிழித்து, விரலால் தொட்டுத் தொட்டு அவன் கன்னத்தின் உட்பக்கம் தடவிக்கொண்டிருந்தாள். கேப்டனும் ஸ்டோரும் பதாகையை விரித்து நிழல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பதாகை பயன்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"இவருக்கு இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று அவள் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"தெரியும்மா. லிஸ்ட்ல எல்லாம் இருந்துச்சு," என்றார் கேப்டன்.

"லிஸ்ட்டத் திங்க முடியுமா சார்?" என்றாள். அவர்கள் முதுகில் இருந்த எழுத்தை அவள் அதற்கு முன்பே படித்திருக்க வேண்டும். அவள் உதட்டோரம் அப்படித்தான் கோணியது.

கால் மணி நேரத்துக்குப் பிறகு மச்சினன் கண்ணைத் திறந்தான். இரண்டாவது பொட்டலத்தைத் தானே உறிஞ்சினான். செக்கர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அழுகையில் சந்தோஷம்தான் இருந்தது, ஆனால் அதில் பாதி தான் தப்பித்ததற்கான சந்தோஷம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் பெண் புதரை விலக்கிக்கொண்டு நாலு அடி நடந்து, "வண்டி எதுவும் இருக்கா?" என்று கேட்டாள். அவள் நின்ற பாறைக்குப் பின்னால், கல்லெறி தூரத்தில், உச்சிக்கு வந்த அதே தார்ச்சாலை. சாலையோரம் வேன். வேனுக்குள் டிரைவர் கால்மேல் கால் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பின்சீட்டில் நாலு பேருக்குச் சாப்பாடு. சீட்டின்மேல் மச்சினனின் சட்டை, அதில் நாலு மிட்டாய். ஒரு மணி நேரமாக அந்தப் பாறையைத்தான் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள் மூன்று கட்டத்து மேதைகள்.

மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்று. கையில் ஊசி குத்தி, குளுக்கோஸ் புட்டி ஏற்றி, "ஒரு நாள் இருக்கட்டும், பாத்துட்டு அனுப்பறோம். நாலாவது மாடி," என்றார் டாக்டர். பையன் தெளிவாகப் பேசினான். "கேப்டன் சாருக்கு நான் முடி வெட்டினேனாமே, காசு குடுத்தாரா?" என்றுகூடக் கேட்டான்.

மனைவி வந்தாள். தம்பியின் நெற்றியைத் தொட்டாள், கையைத் தொட்டாள், காலைத் தொட்டாள். எல்லாம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கணவரின் பக்கம் திரும்பினாள்.

"பை எங்கங்க?"

"ஆபீஸ்ல. மேசை மேல."

"காலைல கேட்டேனே."

அவள் கத்தியிருந்தால் செக்கருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் தம்பியின் போர்வையைச் சரிசெய்யப் போய்விட்டாள்.

தாழ்வாரத்தில் கேப்டன் செக்கரின் தோளில் கைபோட்டு ஓரமாக ஒதுக்கினார். அலுவலகச் செலவில் போன பயணம், திங்கட்கிழமை மேலிடத்துக்கு ஒரு அறிக்கை போக வேண்டும். ஸ்டோர் அதற்குள் எழுதியே முடித்துவிட்டார். பாதுகாப்புப் பொருள்கள் முப்பத்தொன்றும் முறைப்படி எடுத்துச் செல்லப்பட்டன. உடன் வந்த நபர் தன் விருப்பப்படி உணவைத் தவிர்த்ததால் மயக்கம் ஏற்பட்டது. குழுவினர் துரிதமாகச் செயல்பட்டுக் காப்பாற்றினர். ஓடிவந்த பெண் அதில் இல்லை. முதல் கட்டத்தில் கையெழுத்து காயாமல் இருந்தது. மூன்றாம் கட்டத்திலும் போட்டாகிவிட்டது. நடுக்கட்டம்தான் பாக்கி.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. பையன்தான் நல்லாயிட்டானே," என்றார் கேப்டன்.

செக்கரின் கை பேனாவை வாங்கிவிட்டது. இருபத்திரண்டு வருடம் பழகிய கை, தலையைக் கேட்டுக்கொண்டு நீளவில்லை. அதற்குள் ஸ்ட்ரெச்சர் தள்ளும் ஊழியர், "லிஃப்ட் வந்துடுச்சு, வீட்டுக்காரங்க வாங்க," என்று குரல் கொடுத்தார். அறிக்கையைக் கையில் பிடித்தபடியே செக்கர் உள்ளே ஓடினார்.

கதவு மூடியது. ஸ்ட்ரெச்சர், ஊழியர், மனைவி, செக்கர். நல்ல நெருக்கடி. லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு மேலே கிளம்பியது. ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து படுத்திருந்த மச்சினன்தான் முதலில் பார்த்தான். எதிர்ச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ், அடியில் மூன்று கட்டம்.

"அட, மாமா கையெழுத்து," என்றான்.

மனைவி திரும்பிப் பார்த்தாள். கல்யாணப் பதிவேட்டிலிருந்து அவளுக்குத் தெரிந்த கையெழுத்து. தேதி போன மாதத்துத் தேதி. அவள் அதை மேலிருந்து கீழ்வரை ஒரு வார்த்தை விடாமல் படித்தாள். படித்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள்.

"இத நீங்க நேர்ல பாத்தீங்களா?"

செக்கருக்குப் பதில் தொண்டைவரை வந்துவிட்டது. லிஸ்ட்ல இருக்கு என்கிற மாதிரியான ஒரு பதில். பையனின் கன்னத்தில் ஜெல் இன்னும் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த பிறகு அந்தப் பதில் வெளியே வரவில்லை.

"பாக்கல," என்றார். "இந்த ஆஸ்பத்திரிக்கே நான் இன்னைக்குத்தான் வரேன்."

ஊழியர் மெல்ல அண்ணாந்து கூரையைப் பார்த்தார். மனைவி கையை நீட்டி மூன்றாம் மாடிப் பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்ததும் ஸ்ட்ரெச்சரின் முன்பக்கத்தைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"அம்மா, வார்டு மேல இருக்கும்மா," என்றார் ஊழியர். சொல்லிவிட்டு அவரும் வெளியே வந்துவிட்டார்.

"ஒரு மாடிதானே, நான் மெதுவா நடந்துடறேன்," என்று மச்சினன் எழுந்து உட்கார்ந்தான். ஊழியர் ஒரு கையில் புட்டியை உயர்த்திப் பிடித்தார், மறுகையால் அவன் இடுப்பைத் தாங்கினார். செக்கரும் இறங்கக் காலை எடுத்துவைத்தார்.

"நீங்க அதுலயே வாங்க," என்றாள் மனைவி.

கதவு மூடியது. கையில் கையெழுத்துப் போடாத காகிதம், எதிரே கையெழுத்துப் போட்ட காகிதம். லிஃப்ட் இரண்டு நிமிடம் நகரவே இல்லை. மேலே எங்கோ கம்பிவடம் கரகரவென்று உரசும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இருக்கலாமா, கூடாதா என்று யோசித்தார். படிவத்தில் அது எத்தனையாவது கேள்வி என்று நினைவுபடுத்திப் பார்த்தார். நாற்பத்திரண்டில் ஏழுகூட ஞாபகம் வரவில்லை. கழுத்து வலியை மறந்து, ஒன்பது வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு லிஃப்ட்டின் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

லிஃப்ட் ஏறியது. நாலாவது மாடியில் நின்றது, கதவு திறந்தது. வெளித்தரை கீழே நாலு விரல் தள்ளி இருந்தது. லிஃப்ட் மட்டத்துக்கு மேலே நின்றுவிட்டது. இது பதினோராவது கேள்வி, இது மட்டும் அவருக்கு நன்றாக ஞாபகம் வந்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளியிருந்தால் முன்சக்கரம் டொக்கென்று விழுந்து, ஊசி பிய்த்துக்கொண்டு வந்திருக்கும்.

படிக்கட்டு வழியாக வந்தவர்கள் முன்னாலேயே வந்து நின்றிருந்தார்கள். மனைவி தம்பியின் தோளைப் பிடித்தபடி அந்த இடைவெளியைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"பாத்து இறங்குங்க," என்றாள்.